படகின் அடிப்பாகத்தைப் பார்க்க மண்டபம்தான் சரி
கண்காட்சி மண்டபத்துக்குள் நிறுத்திய படகைப் பார்ப்பதில் அர்த்தமில்லை, தண்ணீரில்தான் அதன் தரம் தெரியும் என்று படகுக் கண்காட்சிகள் பற்றிய இந்தக் கட்டுரையை எழுதியவர் சொல்வதை ஏற்க முடியவில்லை. ஜெர்மனியின் டுசெல்டோர்ஃபில் 1969இல் தொடங்கிய ஜனவரி மாதப் படகுக் கண்காட்சிக்குப் போயிருக்கிறேன். தண்ணீரில் நிற்கும் பாய்மரப் படகில் முக்கியமான பாதி நம் கண்ணுக்கே படாது. அங்கே படகுகளைத் தாங்கிகளில் தூக்கி நிறுத்தியிருப்பதால், அடியில் போய் நின்று படகின் அடியிலிருந்து கீழே நீளும் துடுப்பு போன்ற பாகமான கீலின் முனையில் உருண்டு திரண்டிருக்கும் எடையைக் கையால் தொட்டே பார்க்கலாம். காற்றில் சாயும் படகை நிமிர்த்துவது அதுதான். ஒரு படகுக்குத் திசை திருப்பும் சுக்கான் ஒன்றுதான், பக்கத்தில் அதே நீளமுள்ள இன்னொன்றுக்கு இரண்டு. ஏன் என்று விற்பனையாளரிடம் கேட்டேன். பின்பக்கம் அகலமான படகு நன்றாகச் சாய்ந்தால் நடுவிலுள்ள ஒற்றைச் சுக்கான் தண்ணீரை விட்டு எழும்பிப் பிடியை இழந்துவிடும், இரண்டு இருந்தால் ஒன்றாவது ஆழத்தில் இருக்கும் என்று விளக்கினார். துறைமுகத்தில் வைத்து இதை எப்படிக் காட்டுவது? மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், பிரான்சின் கான் நகரில் படகுகளைத் தண்ணீரிலேயே நிறுத்திக் காட்டும் செப்டம்பர் கண்காட்சியே மேல் என்கிறார். சரி, ஓட்டிப் பார்க்க, எஞ்சின் சத்தம் கேட்க அதுதான் வசதி, மறுக்கவில்லை. ஆனால் டுசெல்டோர்ஃப் கண்காட்சி பணக்காரர்களுக்கு மட்டும் என்று அவர் சொல்வது தவறு. கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு, நீருக்கடியில் மூழ்கி நீந்துவதற்கான கருவிகள், கயிறு, உயிர்காப்பு அங்கி என்று அரங்கு அரங்காக இருக்கிறது. சொகுசுப் படகுகளை மட்டும் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அவை கண்ணில் படுவதில்லை.