நம்ம பேருல யாரு லோன் கேட்டது?

"உங்க கிரெடிட் அறிக்கையை (நம்ம லோன், தவணை விவரமெல்லாம் இருக்குற பதிவு) இந்த நிறுவனம் எடுத்துப் பார்த்திருக்கு" என்று ஒரு எஸ்.எம்.எஸ். வந்தா தயவுசெய்து அழிச்சிராதீங்க. நாம எங்கயும் லோன் கேக்கலன்னா, நம்ம பேருல வேற யாரோ கேட்டிருக்கலாம். அந்த அறிக்கையைத் தயாரிக்கிற சிபில் மாதிரியான நிறுவனங்கள் இப்படித் தகவல் அனுப்பணும்னு ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது 2023 அக்டோபர்ல.

நல்ல உத்தரவுதான். ஆனா நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல அந்தச் செய்தி யாரு கைக்குப் போகுது? கல்ஃபுக்குப் போனவரோட ஊரு சிம் ரீசார்ஜ் இல்லாமக் கிடக்கு. ஆழ்கடல் தொழிலுக்குப் போறவரு கரைக்கு வர வாரக்கணக்காகும். தப்பித்தவறி வந்து சேர்ந்தாலும் இங்கிலீஷ்.

கருங்கல் பக்கம் இருக்குற எங்க சித்தி, மகளோட நர்சிங் படிப்புக்கு பேங்க்ல கல்விக் கடன் கேட்டாங்க. அறிக்கையில ஒரு செல்போன் லோன், அதுவும் தவணை கட்டாம. சித்தி இன்னைக்கும் வச்சிருக்கது பட்டன் போன். அந்த லோன்ல இருந்த முகவரி சென்னையில. பான் நம்பர் மட்டும் சித்தியோடது. "அந்தக் கம்பெனிட்ட நீங்களே பேசி லெட்டர் வாங்கிட்டு வாங்க"ன்னு பேங்க்ல அனுப்பிட்டாங்க.

இது என்ன நியாயம்? ஆளை நேர்ல பாக்காம, போன் அடிச்சுக் கேக்காம பணம் கொடுத்தது அந்த லோன் கம்பெனி. "நான் வாங்கல"ன்னு சித்தி ஏன் நிரூபிக்கணும்? கையெழுத்தையும் போட்டோவையும் எடுத்து வச்சு, "வாங்கினது இவங்கதான்"னு காட்ட வேண்டியது கடன் கொடுத்தவன் பொறுப்பு.

அமெரிக்காவுல நம்ம அறிக்கையில மோசடி எச்சரிக்கைன்னு ஒண்ணைப் போட்டு வச்சா, ஒரு வருஷத்துக்கு, கடன் கொடுக்குறவன் ஆளைச் சரிபார்த்துட்டுத்தான் கொடுக்கணும். 2018ல இருந்து, புதுசாக் கடன் கொடுக்குறவன் பாக்க முடியாதபடி அறிக்கையை மொத்தமாப் பூட்டி வைக்கிறதும் அங்க இலவசம். குழு லோனுக்கும் சிம்முக்கும் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்துக் கொடுத்தே பழகின நம்ம பெண்களுக்கு அந்தப் பாதுகாப்பு இன்னும் அதிகமா வேணும்.

ஒண்ணு மட்டும் பதறாமப் பாருங்க. பேரு தெரியாத நிறுவனம் வந்தாலே மோசடின்னு அர்த்தம் இல்ல. மார்த்தாண்டத்துல ஒரு பைக் ஷோரூம்ல லோன் கேட்டாப் போதும், ஏஜென்ட் அதை நாலஞ்சு நிறுவனத்துக்குத் தள்ளி விடலாம். லோன் ஆப்புக்கு ஒரு பேரு, பின்னால பணம் போடுற நிறுவனத்துக்கு வேற பேரு. அறிக்கையில வெறும் விசாரணையா (லோன் கேட்டதுக்காக எடுத்துப் பார்த்த பதிவு), லோனே ஓடுதான்னு பாருங்க. நாம வாங்காத லோனா இருந்தா அன்னைக்கே சிபில் மாதிரி நிறுவனத்துட்டயும் கடன் கொடுத்த கம்பெனிட்டயும் புகார் போடணும். பணமோசடின்னா சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் அடிங்க. செய்தியில வர்ற லிங்க்கைத் தொடாதீங்க, அந்த எச்சரிக்கையே போலியா இருக்கலாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நாலும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமாத் தரணும். நம்ம அறிக்கையை நாமளே பாத்தா ஸ்கோர் (லோன் கொடுக்குறவங்க பாக்குற மதிப்பெண்) குறையாது.

புகாரை வாயால சொல்லாம எழுத்துல கொடுத்து நம்பர் வாங்குங்க. 30 நாளுக்குள்ள தீர்க்கலன்னா, அதுக்கு மேல ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு இழப்பீடு தரணும். இது 2024 ஏப்ரல்ல இருந்து நடைமுறையில இருக்கு. அப்பவும் அசையலன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்ட்ட போகலாம், காசு கிடையாது. சித்தி புகாரை எழுத்துல கொடுத்தாச்சு. ஆனா காலேஜ் ஃபீஸ் கட்டுற தேதி 30 நாள் காத்திருக்காது. புகார் நிலுவையில இருக்கும்போது அந்த ஒரு லோனைக் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக்கூடாதுன்னு உத்தரவு வேணும். எச்சரிக்கை தமிழ்ல வரணும்.