மாடல் டி எஞ்சினையும் பேசுங்கள்

ஃபோர்டு மாடல் டி காரின் வெற்றிக்கு அசெம்பிளி லைன்தான் (ஆட்கள் வரிசையாக நின்று ஆளுக்கொரு பாகமாகப் பொருத்தும் முறை) காரணம் என்கிறது உங்கள் கட்டுரை. சரி, ஆனால் நகரும் அசெம்பிளி லைன் வந்தது 1913-இல். கார் வந்தது 1908-இல். அந்த ஐந்து வருடமும் அதை விற்க வைத்ததில் எஞ்சினுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதற்கு முன் பல எஞ்சின்களில் சிலிண்டர்களை இரண்டிரண்டாக வார்த்து, கிராங்க் கேஸ் (எஞ்சினின் சுழலும் தண்டைத் தாங்கும் அடிப்பெட்டி) மேல் போல்ட் போட்டு நிறுத்துவார்கள். 1901-இல் வந்த மெர்சிடிஸ் 35 ஹெச்பி காரும் அப்படித்தான். சிலிண்டரை மேலே மூடும் தலைப்பகுதியும் (ஹெட்) சிலிண்டரோடு ஒட்டியே இருக்கும். பிஸ்டனில் படிந்த கரியைச் சுரண்ட சிலிண்டரையே தூக்க வேண்டும். ஃபோர்டு நான்கு சிலிண்டரையும் கிராங்க் கேஸின் மேல்பாதியையும் ஒரே வார்ப்பாக்கி, ஹெட்டை மட்டும் தனியாகக் கழற்றும்படி செய்தார். போல்ட்டைக் கழற்றி ஹெட்டைத் தூக்கினால் நான்கு பிஸ்டனும் கண்முன்னே! பக்கத்தில் மெக்கானிக்கே இல்லாத விவசாயிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்.

2.9 லிட்டரில் வெறும் 20 குதிரைத்திறன்தான். அமுக்க விகிதம் (எரிவதற்கு முன் சிலிண்டருக்குள் பெட்ரோல்-காற்றுக் கலவை எவ்வளவு அமுக்கப்படுகிறது என்ற அளவு) குறைவு, அதனால் மட்டமான பெட்ரோலிலும் ஓடியது. இன்றும் எந்த ஒர்க்‌ஷாப்பில் ஹெட்டைக் கழற்றினாலும் எனக்கு அந்த வார்ப்புதான் நினைவுக்கு வரும். அடுத்த பகுதியில் இதையும் எழுதுங்கள்.