நீரோட்டம் காற்றுக்காகக் காத்திருப்பதில்லை

"பருவக்காற்று திரும்பினால் கரையோர நீரோட்டமும் கூடவே திரும்பும்" என்று கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், அது பாதிதான் சரி. தமிழகக் கரையோர நீரோட்டம் பிப்ரவரி வாக்கிலேயே வடக்கே பார்த்து ஓடத் தொடங்கிவிடுகிறது, தென்மேற்குப் பருவக்காற்று வலுப்பதோ ஜூனில். நிலநடுக்கோட்டுப் பக்கம் வீசும் காற்றின் தாக்கம்கூடக் கடலுக்குள் அலையாகப் பயணித்து நம் கரைக்கு வருகிறது. அக்டோபர் வாக்கில் தெற்கே திரும்பும்போது கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய நன்னீரையும் சேர்த்து இழுத்து வரும். இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சேலத்துக்காரனுக்குக் கடல் எதுக்கு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மீன் வாங்குகிறோமே சாமி! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், எங்கள் பக்கத்துக் கடையில் ஐஸ் பெட்டியைத் திறந்தால் கேரளா மத்திதான் கிடக்கும், "கடலூர் மீன் வரலீங்க" என்பார் கடைக்காரர். அப்புறம் ஜூன் தாண்டினால் கேரளக் கரையை ஒட்டித் தெற்கு நோக்கி வீசும் காற்றில் மேல்நீர் கடலுக்குள் விலகிப்போக, அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வருகிறது, மத்திக்குத் தீனியே அதில்தான் பெருகுகிறது. ஜூலையில் ஏற்காட்டில் குடையைத் திருப்பிப் போடும் மேற்குக் காற்றும் அதே பருவக்காற்றுதான். அந்த மாதங்களில் வங்கக் கடலின் மேல்நீர் மட்டும் பெரும்பாலும் 28 டிகிரிக்கு மேலேயே நிற்கும். இரண்டு கரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் போட்டிருக்கலாம், விளம்பரத்துக்கு மட்டும் இவ்வளவு இடம் இருக்கிறதே.