கடிதம் வந்தால் மட்டும் போதுமா?

புதிய வேலைக்கான ஆஃபர் கடிதம் வந்த அன்றே அதை லிங்க்ட்இன்னில் அறிவித்துவிடலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. பின்புலச் சரிபார்ப்பு முடிந்தால்தான் வேலை உறுதி என்ற நிபந்தனை பல கடிதங்களில் இருக்கும். மகிழ்ச்சியில் அதை யார் படிக்கிறார்கள்? அதைவிடச் சங்கடம், இப்போதைய மேலாளர் நம் ராஜினாமாவை அடுத்தவரின் வாழ்த்துச் செய்தியில் தெரிந்துகொள்வது. நாளை பரிந்துரைக்கு அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். புதிய நிறுவனமும் நம் வருகையைத் தன் ஊழியர்களிடம் இன்னும் சொல்லாமல் வைத்திருக்கலாம். சேர்ந்து ஓரிரு வாரம் கழித்து அறிவித்தால் வாழ்த்துகள் குறைந்துவிடாது. அதுவரை சுயவிவரத்தைத் திருத்துகிறவர்கள், மாற்றங்களைத் தொடர்பில் உள்ளவர்களுக்குத் தெரிவிக்கும் செட்டிங்கை முதலில் அணைத்துவிடுங்கள்.