'எல்லாம் ஒண்டுதான் அண்ணை'

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் யாராவது ஒரு கடைக்காரர் வாயைத் திறந்து 'இல்லை' என்று சொன்னால் அவருக்கு மாலை போடத் தயாராக இருக்கிறேன். மூன்று நாளாக அங்கே வெயிலில் அலைகிறேன். எல்லாரிடமும் எல்லாம் இருக்கிறதாம்.

நான் கேட்டது ராக்கெட் சாமான் இல்லை. கொட்டாஞ்சேனையில் இருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் என் டொல்பின் வானுக்கு ஒரு ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சின் பிளொக்குக்கும் அதன் மேல் பூட்டும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் தகடு. டொயோட்டா 3எல் டீசல் எஞ்சின். 2எல், 3எல், 5எல் எஞ்சின்கள் மூன்றும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரித்தான் இருக்கும். ஆனால் சிலிண்டர் துளை 2எல்லில் 92 மில்லிமீற்றர், 3எல்லில் 96, 5எல்லில் 99.5. சின்னதை எடுத்துப் பெரியதில் வைத்தால் கேஸ்கட் விளிம்பு சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும்.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. 3எல்லுக்கே பி, டி, எஃப் என்று மூன்று தடிப்பில் வருகிறது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பிளொக் மட்டத்துக்கு மேல் எவ்வளவு எழும்பி நிற்கிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்துதான் எது என்று முடிவெடுக்க வேண்டும். தடிப்புக் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரெஷன்) விழும், காலையில் வான் லேசில் ஸ்டார்ட் எடுக்காது. குறைந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும் ஆபத்து. எங்கள் கராஜ் பாஸ் (மெக்கானிக்) பொறுமையாக அளந்து, 'எஃப்' என்று சிகரெட் பெட்டி அட்டையில் எழுதித் தந்தார்.

முதல் கடையில் அட்டையைப் பார்த்துவிட்டு, "எஃப் எண்டா ஃப்ரண்டா தம்பி?" என்றார்கள். சரி, சிரித்துக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்த கடையில், "எல்லாம் ஒண்டுதான் அண்ணை, போட்டு இறுக்குங்கோ." எஞ்சின் உன்னுடையதா, என்னுடையதா? மூன்றாவது கடைக்காரர், "அஞ்சு நிமிஷம் இருங்க" என்று பொடியனை ஓடவிட்டார். பொடியன் கொண்டுவந்தது நான் சற்று முன்பு வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்த அதே பெட்டி! மேலே பேனையால் எழுதிய விலைகூட அழியவில்லை. அதற்கு மேல் 1,500 ரூபாய் கூட்டிச் சொன்னார்.

கடைசியில் ஒரு கடைக்கார நானா, "3எல், எஃப், ஜெனுயின், கண்ண மூடிட்டுக் கொண்டு போங்க" என்றார். கண்ணை மூடியதுதான் தப்பு. கராஜில் பிரித்து பிளொக்கில் வைத்தால் 5எல் கேஸ்கட். திருப்பிக் கொண்டுபோனால், "பெட்டியைத் திறந்திட்டீங்கதானே" என்கிறார். திறக்காமல் எஞ்சினில் எப்படி நானா வைப்பது?

இதில் விலைக் கதை வேறு. 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 350ஐத் தாண்டியபோது, டொலர் டொலர் என்று எல்லாச் சாமானையும் ஏற்றினார்கள். அப்புறம் டொலர் 300 அளவுக்கு இறங்கியது, இவர்களுடைய விலை மட்டும் ஏறின மரத்தில் இருந்து இறங்கவில்லை. "பழசை விட்டுட்டுப் புதுசு வாங்குங்கோவன்" என்று புத்தி சொல்கிற சொந்தக்காரர்களே, 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல்தான் திறந்தார்கள். இப்போது ஒரு வான் என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

பிள்ளைகளை மூன்று நாளாக என் காசில் ஓட்டோ பிடித்து அனுப்புகிறேன். காலை ஆறு மணிக்கே தாய்மார் அழைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நாளைக்கு, உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற தெல்கந்தைப் பக்கம் போய்ப் பார்க்கப் போகிறேன். யாரிடமாவது 3எல், எஃப் இருந்தால் சொல்லுங்கள். பெட்டியை அல்ல, பெட்டிக்குள் இருப்பதைப் படம் எடுத்து அனுப்புங்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், பெட்ரோல் காசாவது மிஞ்சும்.