மஞ்சள் கடுதாசி கொடுத்தால் மட்டும் கடன் தீராது

"ஐ.பி. போட்டுடுங்க, ஒருத்தனும் கிட்ட வர முடியாது." கடன் கழுத்தை நெரிக்கும்போது, ஐ.பி. என்ற திவால் மனுவை (ஊர்ப் பேச்சில் மஞ்சள் கடுதாசி) கோர்ட்டில் போடச் சொல்லும் இதுதான் நம் ஊரில் கிடைக்கும் முதல் யோசனை. பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் சொல்லாததால்தான் ஐ.பி. போட்டவர்களில் பலர் போடாதவர்களைவிட மோசமான நிலைக்குப் போகிறார்கள்.

முதலில் சட்டம் எது என்று பார்ப்போம். 2016-ல் வந்த திவால் சட்டம்தான் இப்போது எல்லாருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே 1.12.2019 முதல் நடைமுறைக்கு வந்தது. சாதாரணக் கடனாளிக்கு இன்றும் பழைய சட்டம்தான். சென்னை என்றால் 1909-ஆம் ஆண்டுச் சட்டம், உயர் நீதிமன்றம். வெளி மாவட்டம் என்றால் 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம், சப் கோர்ட். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது சட்டப்படி. கட்ட முடியாத கடன் 500 ரூபாய் இருந்தாலே மனுப் போடலாம் என்கிறது அது. நூறு வருஷமாக அந்தத் தொகையை யாரும் தொடவில்லை!

வக்கீல் மூலம் கடன் கொடுத்தவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்ற நம்பிக்கைதான் முதல் கோளாறு. நோட்டீஸ் வெறும் காகிதம். கோர்ட்டில் மனு நம்பர் ஆனாலும் கடன் வழக்குகள் தானாக நிற்காது. நீங்கள் நொடித்தவர் என்று கோர்ட் உத்தரவு போட்ட பிறகுதான், கோர்ட் அனுமதி இல்லாமல் உங்கள் மேல் புது வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பு வரும். அதுவரை ஜப்தியும் நடக்கும், கைது வாரண்டும் வரும். இடைக்காலப் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். மனுப் போட்டுவிட்டு வாய்தாவுக்குப் போகாமல் தள்ளுபடி ஆகவிட்டால் வக்கீல் பீஸும் போச்சு, பேரும் போச்சு.

மனுவின் உயிர் இரண்டு பட்டியல்களில் இருக்கிறது. ஒன்று கடன்: யாருக்கு, எவ்வளவு, விலாசம் என்ன. மச்சானிடம் வாங்கிய கைமாத்துகூட அதில் வர வேண்டும். இன்னொன்று சொத்து: பூர்வீகத்தில் உள்ள பங்கு, வண்டி, வசூலாக வேண்டிய பாக்கி, எல்லாமே. இங்கேதான் எல்லாரும் வழுக்குகிறார்கள். மனுவுக்கு ஆறு மாதம் முன்பு வீட்டை மனைவி பேருக்குச் செட்டில்மென்ட் எழுதி வைத்துவிட்டுச் சொத்தே இல்லை என்பார்கள். எதிர்த்தரப்பு வில்லங்கச் சான்று ஒன்று எடுத்தால் போதும், கதை கந்தல். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் நியாயமான விலை வாங்காமல் செய்த மாற்றத்தை 53-ஆம் பிரிவின்படி ரத்து செய்யலாம். மற்றவர்களை விட்டுவிட்டு வேண்டிய ஒருவருக்கு மட்டும் கடைசி மூன்று மாதத்தில் கடனை அடைத்திருந்தால் 54-ஆம் பிரிவு அதையும் பிடிக்கும். மோசடியாக மறைத்தது நிரூபணமானால் ஓராண்டு வரை சிறை.

உத்தரவு வந்ததும் சொத்து உங்கள் கையை விட்டு கோர்ட்டுக்கோ, சொத்தைப் பொறுப்பெடுக்க அது நியமிக்கும் ரிசீவருக்கோ போகும். உடுப்பு, சமையல் பாத்திரம், கைத்தொழில் கருவிகள், பி.எஃப். பணம், மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத தாலி போன்றவை தப்பும். பழைய கடன்களிலிருந்து கோர்ட் தரும் விடுவிப்பு கிடைப்பதற்கு முன்பு புதிதாகச் சேர்க்கும் சொத்தும் ரிசீவரிடம்தான் போகும்.

ஐ.பி. தொடாத கடன்களும் உண்டு. வீட்டுக் கடன், நகைக் கடன் போன்ற அடமானக் கடன்களில் வங்கி தன் அடமானத்தின் மேல் நேராகப் போகும். செக் பவுன்ஸ் வழக்கு குற்ற வழக்கு, அது பாட்டுக்கு நடக்கும். அரசுக்குக் கட்ட வேண்டியது, மோசடியால் வந்த கடன், ஜீவனாம்சம் ஆகியவை விடுவிப்புக்குப் பிறகும் நிற்கும். உங்களுக்கு ஜாமீன் போட்டவரும் தப்ப மாட்டார். நண்பனை ஜாமீன் போடவைத்துவிட்டு நீங்கள் ஐ.பி. போட்டால் மொத்தப் பாரமும் அவர் தலையில்தான்.

பலர் கோட்டைவிடும் கட்டம் விடுவிப்பு. உத்தரவிலேயே, இத்தனை மாதத்துக்குள் விடுவிப்புக்கு மனுச் செய்ய வேண்டும் என்று கோர்ட் கெடு வைக்கும். அதைத் தவறவிட்டால் நொடிப்பு உத்தரவே ரத்தாகலாம், பழைய கடன்கள் எல்லாம் உயிர்பெற்று வரும், அப்புறம் கோர்ட் அனுமதி இல்லாமல் மறுபடி ஐ.பி. போடவும் முடியாது. கேட்டாலும் உடனே கிடைத்துவிடாது. கடனில் ரூபாய்க்கு எட்டணா, அதாவது பாதி அளவுக்காவது சொத்து இல்லை என்றால், அது உங்கள் தவறால் வந்ததல்ல என்று காட்ட வேண்டும். வியாபாரத்தில் கணக்குப் புத்தகம் வைக்காதவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். விடுவிப்பு கிடைக்காத நிலையில், தான் நொடித்தவர் என்று சொல்லாமல் 50 ரூபாய்க்கு மேல் கடன் வாங்கினாலே குற்றம். தேர்தலில் நிற்கவோ கம்பெனி டைரக்டராக இருக்கவோ முடியாது.

மாதச் சம்பளக்காரர் ஒரே ஒரு கடனுக்காக ஐ.பி. போடுவது என் பார்வையில் முட்டாள்தனம். கணக்கைப் பாருங்கள். சம்பள ஜப்தியில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. சம்பளம் 25,000 என்றால் பிடிக்க முடிவது மாதம் 8,000. ஒரே டிகிரிக்கு (கடனைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்புக்கு) மொத்தம் 24 மாதம் பிடித்தாகிவிட்டால், அந்த டிகிரிக்காக மேற்கொண்டு சம்பளத்தைத் தொட முடியாது. வேறு சொத்து இருந்தால் அதன் மேல் வரலாம், அவ்வளவுதான். சிறைக்குப் பயந்து ஐ.பி. போடவும் தேவையில்லை. கையில் இருந்தும் கொடுக்க மறுப்பவரைத்தான் சிவில் சிறைக்கு அனுப்பலாம், வெறும் இல்லாமைக்காக அனுப்ப முடியாது என்று 1980-லேயே நீதிபதி கிருஷ்ணய்யர் உச்ச நீதிமன்றத்தில் எழுதிவிட்டார். பணக் கடனுக்கான டிகிரியில் பெண்களைக் கைது செய்யவே முடியாது. பத்துப் பேரிடம் புரோநோட்டு, ஒவ்வொருவரும் தனித்தனியாக வழக்கு, வியாபாரமும் படுத்துவிட்டது என்ற நிலைக்குத்தான் ஐ.பி. சரியான மருந்து.

கடன் கொடுத்தவர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். கோர்ட் நோட்டீஸ் வந்ததும் "பணம் போச்சு" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். வாய்தாவுக்குப் போய் ஆட்சேபம் தாக்கல் செய்யுங்கள், அவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். நொடிப்பு உத்தரவு ஆகிவிட்டால், புரோநோட்டு நகலோடு பிரமாணப் பத்திரம் போட்டு உங்கள் கடனை நிரூபித்துக் கொள்ளுங்கள். ரிசீவர் சொத்தை விற்றுப் பங்கு பிரிக்கும்போது, அப்படி நிரூபித்துப் பட்டியலில் ஏறியவருக்கு மட்டும்தான் பங்கு.