எடின்பரோ ஃபிரிஞ்ச்: நகராட்சி யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை

“ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகராட்சி தேர்வு செய்து அழைக்கும் குழுக்கள் மட்டுமே ஆகஸ்டில் நடக்கும் ஃபிரிஞ்ச் என்ற கலை விழாவில் மேடையேற முடியும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

கலைஞர்களை அழைத்து நடத்துவது எடின்பரோ சர்வதேச விழா, அது தனி. 1947இல் அதன் முதல் விழாவின்போது எட்டுக் குழுக்கள் அழைப்பே இல்லாமல் போய், கிடைத்த இடத்தில் நாடகம் போட்டன. ஃபிரிஞ்ச் பிறந்தது அப்படித்தான். இன்றும் அதற்கென்று தேர்வுக் குழு கிடையாது. ஓர் அரங்கைப் பேசி முடித்து, பதிவுக் கட்டணம் கட்டினால் யாரும் மேடையேறலாம். (சில அரங்குகள் தாங்களே பார்த்துப் பொறுக்குவது உண்டு.)

சரி, நகராட்சிக்கு என்ன வேலை? உரிமம், தெருவை மூட அனுமதி, குப்பை அள்ளுவது. லேசான வேலையில்லைதான். பயணம், தங்குமிடச் செலவெல்லாம் பெரும்பாலும் கலைஞர்கள் தலையில்தான்.